மனையியல் அறையில் எழுதிய பரீட்சை

பாடசாலையின் பின்பக்கம், மாமரத்தைத் தாண்டி, மனையியல் அறை இருந்தது. அன்று அதற்குள் ஒரேயொரு மேசையும் ஒரேயொரு கதிரையும் போட்டிருந்தார்கள். மேசையின் மூலையில் என் சுட்டெண்ணை வெண்கட்டியால் எழுதியிருந்தார்கள். சுவரோரம் மண்ணெண்ணெய் அடுப்புகள் வரிசையாக இருந்தன. கண்ணாடி அலுமாரிக்குள் கேக் தட்டுகளும் தையல் சாமான்களும். அறை முழுக்க ஏலக்காயும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசம்.

என் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் கொப்புளங்கள். வெள்ளைச் சீருடை உரசும்போதெல்லாம் உடம்பு கூசியது. என்னோடு இரண்டு வருடம் படித்தவர்கள் எல்லாரும் முன்பக்க மண்டபத்தில் இருந்தார்கள். கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு மணி அடித்தது.

வாசலில் இருந்த நிலந்தி மிஸ் வினாத்தாளோடு உள்ளே வந்தார். சிலாபத்துப் பக்கத்துச் சிங்கள ஆசிரியை. பரீட்சைக்கு நோக்குநராக வந்திருந்தார். கிட்ட வர வேண்டாம், அந்த அடுப்பு மேசையில் வைத்துவிட்டுப் போங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. நேராக வந்து என் கையிலேயே தந்தார்.

"பயப்படாத துவ. எனக்குச் சின்ன வயசிலயே வந்து போயிட்டுது," என்றார். துவ என்றால் சிங்களத்தில் மகள். "நீ எழுது. நான் இங்கதான் இரிக்கிறன்."

உயர்தரப் பரீட்சையில் என் முதல் தாளை அப்படித்தான் எழுதத் தொடங்கினேன்.

கேட்க மறக்கும் கேள்வி

இந்தத் தொடரில் இதுவரை மாடுகளையும் ஆடுகளையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். மிருக வைத்தியருக்கு வேறு என்ன கதை இருக்கும் என்று நீங்களும் பொறுத்துக்கொண்டீர்கள். ஆனால் பரீட்சைக் காலம் நெருங்கினால் என் தொலைபேசிக்கு வருவது மாட்டுக்காரர்கள் மட்டுமல்ல. எங்கள் ஊரான உடப்பிலிருந்தும் மாம்புரியிலிருந்தும் பிள்ளைகள் அழைப்பார்கள். எத்தனை மணித்தியாலம் படித்தீர்கள் அக்கா, எத்தனை வருடத்துப் பழைய வினாத்தாள் செய்தீர்கள், எந்த ரியூஷன் நல்லது என்று கேட்பார்கள்.

தெரிந்ததைச் சொல்வேன். பிறகு நான் ஒரு கேள்வி கேட்பேன். பரீட்சையன்று காலையில் உனக்குக் காய்ச்சல், வருத்தம் என்று ஏதாவது வந்தால் என்ன செய்வாய்?

அப்படி ஒன்று நடக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

எனக்கு முந்திய வகுப்பில் எங்கள் ஊர் அக்கா ஒருவர் இருந்தார். கெட்டிக்காரி. பரீட்சை தொடங்கிய கிழமை அவருக்கு அம்மாள் வருத்தம் வந்தது. நீங்கள் கொப்புளிப்பான் என்றும் சின்னம்மை என்றும் சொல்வீர்கள். வீட்டில் கதவைச் சாத்தி, வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். பரீட்சை முடிந்தது. தனி அறையில் எழுத விடுவார்கள் என்று அந்த வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவருக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். இன்றைக்கும் என்னைக் கண்டால் சிரித்துக் கதைப்பார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதை வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தொற்று வருத்தம் என்றால் மறைக்க வேண்டாம்; வீட்டில் படுத்தும் விட வேண்டாம். உடனே டொக்டரிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள். அதிபருக்கோ வகுப்பாசிரியருக்கோ அந்த நிமிடமே சொல்லுங்கள். அவர்கள் பரீட்சை நிலையத்துக்குச் சொல்வார்கள். இடம் ஒன்று கிடைக்கும்.

எனக்கு இடம் கிடைத்தது. ஆனால் பாடசாலை இடம் தருவதற்கு முன்பே இன்னொரு வீடு இடம் தந்திருந்தது. இந்த வாரக் கதை அதுதான்.

ஜெஸீமா ராத்தாவின் வீடு

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். விஞ்ஞானப் பிரிவில் படிப்பதற்காக நான் உடப்பிலிருந்து புத்தளம் நகரத்துக்கு வந்திருந்தேன். தினமும் பஸ்ஸில் போய் வந்தால் பாதி நாள் வழியிலேயே போய்விடும். வகுப்பில் என் பக்கத்தில் இருந்த பர்ஹானா, "எங்கட வீட்ட வந்து இரேன்" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் அவளுடைய உம்மாவே பாடசாலைக்கு வந்து என் அம்மாவின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டார்.

அவர்தான் ஜெஸீமா ராத்தா. மூத்த சகோதரியை எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பர்ஹானாவின் உம்மாவை நான் மாமி என்றல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும்? ஆனால் அந்தத் தெருவே அவரை ராத்தா என்றது. எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம். ஓலைக் கொட்டிலில் தொடங்கி, பிறகு கல்லடுக்கி, பூசாத சுவரோடு நின்றுபோன இரண்டு அறை வீடு. யுத்தம் முடிந்த பிறகு பர்ஹானாவின் வாப்பா மாதத்தில் பாதி நாளை மன்னாரில் கழித்தார். காடு பற்றிக் கிடந்த பழைய காணியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். என் அப்பாவும் அந்தப் பருவத்தில் ஊரில் இருப்பதில்லை. எங்கள் பக்கக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் முல்லைத்தீவுப் பக்கம் போய் கரையில் வாடி என்னும் கொட்டில் போட்டு மீன்பிடித் தொழில் செய்வார்.

பர்ஹானாவும் நானும் ஒரே மேசையில் படித்தோம். ஒரே பாயில் படுத்தோம். எனக்குப் பௌதிகம் ஓடும், அவளுக்கு உயிரியல் ஓடும். நான் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். அவள் எனக்கு இதயத்தின் படத்தை ஒரு கோடு பிசகாமல் கீறிக் காட்டுவாள். வெளியே சோளகக் காற்று அடித்துக்கொண்டிருக்கும். கொப்பித் தாள் பறக்காமல் இருக்க ஆளுக்கொரு கல் வைத்திருந்தோம்.

நகரத்தில் கழுதைகள் இஷ்டத்துக்குத் திரியும். ஒன்று எங்கள் வேலியோரம் வந்து நின்று, சரியாக நான் மனப்பாடம் செய்யத் தொடங்கும்போது கத்தும். பிற்காலத்தில் மிருக வைத்தியம் படிக்கப் போனபோது, அந்தக் கழுதைதான் என்னைச் சிபாரிசு செய்திருக்கும் என்று பர்ஹானா சொன்னாள்.

பரு இல்லை

அந்த வருடம் நோன்பும் பரீட்சையும் சேர்ந்தே வந்தன. திங்கட்கிழமை முதல் தாள். வியாழக்கிழமையே எனக்கு உடம்பு காய்ந்தது. பரீட்சைப் பயம் என்று நினைத்து பனடோல் விழுங்கிவிட்டுப் படித்தேன்.

சனிக்கிழமை காலை முகம் கழுவும்போது நெற்றியில் நீர்த்துளி மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. துடைத்தேன், போகவில்லை. பர்ஹானா கிட்ட வந்து பார்த்தாள். "இது பரு இல்லடி," என்றாள்.

ராத்தா என்னை அறைக்குள் கூட்டிப்போய் முதுகைப் பார்த்தார். சட்டையை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டார். பர்ஹானாவுக்கு அதுவரை அந்த வருத்தம் வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். நாங்கள் அந்தக் கிழமை முழுக்க ஒரே பாயில் படுத்திருந்தோம் என்பதும் தெரியும்.

டொக்டர் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பரீட்சை என்று சொன்னேன். அவர் கடிதம் எழுதித் தந்து, பாடசாலைக்கு உடனே அறிவிக்கச் சொன்னார். மற்றப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பதை இரண்டு முறை சொன்னார். ராத்தா அங்கேயே நின்று எங்கள் உயிரியல் ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தார். சேர் பதறவில்லை. அறைக்கு ஏற்பாடு செய்வதாகவும், என்னைச் சாப்பிட்டுத் தூங்கச் சொல்லும்படியும் சொன்னார். புதிதாக எதையும் படிக்க வேண்டாம் என்றும் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்ததும் நான் உள்ளறையில் படுத்துவிட்டேன். குசினியில் தாயும் மகளும் தணிந்த குரலில் வெகுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன கதைத்தார்கள் என்பது எனக்குக் காதில் விழவில்லை. காய்ச்சலில் கண்ணைத் திறக்கவும் முடியவில்லை.

பின்னேரம் பர்ஹானா தன் புத்தகங்களை ஒரு பையில் கட்டிக்கொண்டு, நகரத்தின் மறுபக்கம் இருந்த தன் சாச்சி வீட்டுக்குப் போனாள். ராத்தாவின் தங்கைதான் சாச்சி. போகும்போது யன்னலுக்கு வெளியே நின்று கையசைத்தாள். அங்கே மேசை இல்லை, தையல் மெஷினில் வைத்துத்தான் படிக்க வேண்டும் என்று சிரித்தாள். சொந்த வீட்டுப் பிள்ளை வெளியே போக, தங்க வந்த நான் உள்ளே படுத்திருந்தேன்.

அம்மா வந்தார்

ஞாயிற்றுக்கிழமை அம்மா பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். கையில் சீலைப் பை நிறைய வேப்பிலை. என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். என்னையல்ல, என் மேல் வந்திருந்த அம்மாளை.

"வா புள்ள, வீட்ட போவம்," என்றார். "அம்மாள் வந்த உடம்போட இன்னொரு வீட்டில கிடக்கக்கூடாது. தண்ணி வாக்காம வெளிய இறங்கவும் கூடாது. சோதினைய அடுத்த வருசம் எழுதலாம்."

எனக்கு வாய்க்குள்ளும் கொப்புளங்கள் இருந்தன. மறுத்துக் கதைக்க முடியவில்லை. வரமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அம்மாவுக்கு என் படிப்பில் விருப்பமில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னைப் புத்தளத்துக்கு அனுப்பியதற்காக ஊரில் எவ்வளவோ கதை கேட்டவர் அவர். ஆனால் அம்மாள் வந்த வீட்டில் எப்படி நடப்பது என்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. எங்கள் ஊரில் அம்மன் திருவிழாக் காலம் வேறு.

மஞ்சள் தண்ணீர் காய்ச்ச அம்மா குசினிக்குப் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை. பிறகு நடந்ததை அம்மாவே பல தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

குசினியில் மீன் வாசமே இல்லையாம். தாளித்த அடையாளமும் இல்லை. நோன்பு மாதம், மற்ற வீடுகளில் எல்லாம் இறைச்சி போட்ட கஞ்சியும் பொரித்த சாமானும். இங்கே ஒரு சட்டியில் வெறும் பயறும் அரிசியும் போட்ட கஞ்சி. அம்மா விசாரித்திருக்கிறார். மன்னாரில் தங்கள் பக்கத்து வீட்டில் அம்மாள் வந்தால் தாங்களும் தாளிக்க மாட்டோம் என்றும், சின்ன வயதில் பழகியது மறக்கவில்லை என்றும் ராத்தா சொல்லியிருக்கிறார்.

அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு, நகரத்தில் இருந்த அம்மன் கோயிலுக்கு வழி கேட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்து என் பாயின் ஓரத்தில் இருந்தார்.

"அம்மாளும் பொம்பிளதானே," என்றார். "படிக்கிற பிள்ளய மறிக்க மாட்டா. நாளைக்கு நானே கூட்டிப் போறன்."

பிறகு என் சீருடையை எடுத்து, கழுத்துப்பட்டியின் உட்பக்கம் தன் பழைய நூல் சீலைத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தார். ராத்தா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்.

ஒன்றை மட்டும்

ஓட்டோவில் ஏற்ற யாரும் விரும்ப மாட்டார்கள் என்று நாங்களும் கேட்கவில்லை. ஆள் நடமாட்டம் குறைந்த பின்பக்க ஒழுங்கை வழியாகக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். மனையியல் அறைக்குள் நான் போனதும் அம்மா மாமரத்துக்குக் கீழே நின்றார், கையில் ஒரு வேப்பங்கொத்தோடு. சற்று நேரத்தில் நிலந்தி மிஸ் அவருக்கும் ஒரு கதிரை கொண்டுபோய்க் கொடுத்தார்.

உயிரியல் தாள் எப்படியோ போய்விட்டது. இரசாயனவியல்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. அன்று காய்ச்சல் மறுபடி ஏறியிருந்தது. வினாத்தாளை விரித்து முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. எழுத்துகள் எறும்பு மாதிரி நகர்ந்தன. முதுகு தீப்பிடித்ததுபோலக் கடித்தது. சொறியக்கூடாது என்று கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். பிறகு பேனாவை மூடினேன்.

மூடிய சத்தம் மிஸ்ஸுக்குக் கேட்டிருக்க வேண்டும். எழுந்து வந்தார். எனக்கு முன்னால் நின்றாரே தவிர வினாத்தாளின் பக்கம் அவர் கண் போகவேயில்லை. அவர் வேலையின் எல்லை அவருக்குத் தெரியும்.

"எல்லாத்தயும் பாக்காத துவ," என்றார் மெதுவாக. "ஒண்ட மட்டும் வாசி. மிச்சத்த கையால மூடு."

அப்படியே செய்தேன். மற்றக் கேள்விகளை இடது கையால் மூடிக்கொண்டு ஒன்றை மட்டும் வாசித்தேன். இரண்டாம் தடவை வாசிக்கும்போது அது எனக்குத் தெரிந்த கேள்வி என்று புரிந்தது. பேனாவைத் திறந்தேன்.

பிற்காலத்தில் எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன். பிரசவிக்க முடியாமல் தவிக்கும் பசுவின் முன்னால், சுற்றி நின்று எல்லாரும் ஒரே நேரத்தில் யோசனை சொல்லும்போது திகைத்து நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் மனதுக்குள் மிச்சத்தைக் கையால் மூடிக்கொள்வேன். இரசாயனவியலில் எனக்கு என்ன மறந்தாலும் இது மறக்கவில்லை.

அறையில் மணிக்கூடு இல்லை. அதனால் நேரத்தை மிஸ்தான் சொல்வார். இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது, தாள்களைக் கட்டிவிடு, சுட்டெண் எழுதினாயா பார் என்பார். பிள்ளைகளே, அந்தச் சுட்டெண்ணை முதலிலேயே எழுதிவிடுங்கள். காய்ச்சலில் நான் ஒரு தாளில் எழுத மறந்திருந்தேன். அவர் பார்க்கச் சொல்லியிராவிட்டால் அந்தத் தாள் யாருடையது என்று தெரியாமல் போயிருக்கும்.

தனி அறையில் எனக்கு ஒரு லாபமும் இருந்தது. தாள் முடிந்ததும் வாசலில் கூடி நின்று, உனக்கு என்ன விடை வந்தது என்று கேட்கும் கூட்டத்தில் நான் சிக்கவில்லை. எழுதி முடித்ததைப் பற்றிக் கதைத்து யாருக்கும் ஒரு புள்ளி கூடியதில்லை. அம்மா குடையை விரிப்பார். நாங்கள் ஒழுங்கையால் நடந்துவிடுவோம்.

பெருநாளுக்குப் பிறகு

பரீட்சை கிழமைக் கணக்கில் நீண்டது. அதற்குள் என் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. அம்மா ராத்தா வீட்டுக் கிணற்றடியில் வைத்தே எனக்குத் தண்ணீர் வார்த்தார். பெருநாளைக்குப் பர்ஹானா வீட்டுக்கு வந்தாள். மறுபடி ஒரே மேசை. கடைசியாகப் பௌதிகவியல் தாள் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அவளுக்கு அதுதான் பயம்.

அந்தத் தாளுக்கு முதல் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் விடிய நெற்றியில் முதல் துளி.

அவள் அழவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, இது நீ தந்த பெருநாள் பரிசு என்றாள். நான்தான் அழுதேன். பிறகு அழ நேரமில்லாமல் போய்விட்டது. இந்த முறை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். சேருக்கு அழைத்தேன். ராத்தா டொக்டரிடம் ஓடிக் கடிதம் வாங்கி வந்தார். நான் பர்ஹானாவின் நகங்களை வெட்டிவிட்டேன். அவளுடைய வெள்ளை முக்காட்டின் ஓரத்தில், கன்னத்தில் உரசும் இடத்தில், மெல்லிய துணி வைத்துத் தைத்தேன்.

அன்று காலை நான் முன்பக்க மண்டபத்தில் மற்றவர்களோடு எழுதினேன். பர்ஹானா மனையியல் அறையில். என் இடத்திலிருந்து பார்த்தால் யன்னலுக்குள்ளால் மாமரம் தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டு கதிரைகள். ஒன்றில் ராத்தா, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு. மற்றதில் என் அம்மா, வேப்பங்கொத்தோடு. முதல் நாளே அம்மா ஊருக்குப் போயிருக்க வேண்டியவர். பர்ஹானாவின் உடம்பு காய்கிறது என்றதும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

முழங்கை அளவு இடைவெளியில் அவர்கள் இருவரும் அந்த மூன்று மணித்தியாலமும் இருந்தார்கள்.

வெட்டுப்புள்ளி

முடிவுகள் வந்தன. எனக்கு மிருக வைத்தியம் கிடைக்கும் அளவுக்குப் புள்ளி இருந்தது. பர்ஹானாவுக்கு உயிரியலில் மிக நல்ல பெறுபேறு, என்னைவிடத் திறம். பௌதிகம் அவளைக் கீழே இழுத்துவிட்டது. பல்கலைக்கழகம் போக எங்கள் மாவட்டத்துக்கு வைத்த வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றாள்.

அந்தச் செய்தியோடு அவளுக்கு முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே உடப்புக்கு பஸ் ஏறி வந்தாள். கையில் ஒரு பெட்டி லட்டு. எங்கள் வீட்டு வாசலில் நின்று, மிருக டொக்டர் இருக்கிறாவா என்று சத்தமாகக் கேட்டாள்.

பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு விஷயம் இது. நம் நாட்டில் உயர்தரத்தை ஒரு தடவைக்கு மேலும் எழுதலாம். முதல் தடவையில் கிடைக்கவில்லை என்றால் அதோடு கதை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பல்கலைக்கழகம் தொடங்கும் வரை எனக்கு நிறைய நாட்கள் இருந்தன. மறுபடியும் ராத்தா வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை நான் படிக்கப் போகவில்லை. காலையும் மாலையும் பர்ஹானாவுக்குப் பௌதிகக் கணக்கு. கோபம் வந்தால் கல்லை எடுத்துவிட்டுத் தாளைக் காற்றில் பறக்கவிடுவாள். பிறகு இருவரும் வேலி வரை ஓடிப்போய்ப் பொறுக்குவோம்.

இரண்டாம் தடவை அவள் தாண்டினாள். யுனானி வைத்தியம் படித்தாள். இப்போது மன்னார்ப் பக்கம் ஓர் அரசாங்க மருந்தகத்தில் இருக்கிறாள். கொப்புளிப்பானோடு பரீட்சைக் காலத்தில் யாராவது பிள்ளை வந்தால், மருந்துக்கு முன்னால் அதிபரின் இலக்கத்தைக் கேட்பாளாம்.

சரியாக எழுது

ராத்தா இப்போது மன்னாரில் இருக்கிறார். வாப்பா துப்புரவாக்கிய காணியில் வீடு எழும்பிவிட்டது. சில மாதங்களுக்கு முன் அங்கே போயிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இந்தத் தொடரில் அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னேன். சொந்த மகளின் பரீட்சையைப் பணயம் வைத்து என்னை வீட்டில் வைத்திருந்தவர் என்று எழுதுவேன் என்றேன். அந்த நன்றியை நேரில் சொல்லிவிட வேண்டும் என்று வெகுகாலமாக நினைத்திருந்தேன்.

ராத்தா தலையில் கிடந்த சீலையைச் சரிசெய்தார்.

"எழுதுறதெண்டா சரியா எழுது மகள்," என்றார். "அண்டைக்கு நான் உன்ன உடப்புக்கு அனுப்பத்தான் நினைச்சன். வான்காரனுக்கும் சொல்லிட்டன். எனக்குப் பயம். என்ட புள்ள ரெண்டு வருசமா படிச்சது. பர்ஹானாதான் குசினி வாசல்ல நிண்டா. உன்ன அனுப்பினா தானும் சோதின எழுதப் போக மாட்டன் எண்டா. தான் சாச்சி வீட்ட போறன் எண்டதும் அவள்தான். நான் வான்காரன வர வேணாம் எண்டு சொன்னன், அவ்வளவுதான். இத்தன வருசமா நீயும் உன்ட உம்மாவும் எனக்கு நன்றி சொல்லக்குள்ள எனக்கு வெக்கமா இரிக்கும்."

உள்ளறையில் காய்ச்சலோடு கிடந்தபோது குசினியில் கேட்ட தணிந்த குரல்கள் அவைதான்.

பின்னேரம் பர்ஹானா வேலை முடிந்து வந்தாள். முற்றத்தில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன். அவள் குழாயடியில் கால் கழுவினாள், முகம் கழுவினாள், துவாயால் துடைத்தாள். உம்மா சொல்லிட்டாவா என்று மட்டும் கேட்டாள்.

நீ ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்றேன். பாயைப் பங்கிட்டாய், சோற்றைப் பங்கிட்டாய், எல்லாக் கதையையும் சொன்னாய். இதை மட்டும் ஏன் வைத்திருந்தாய்?

"சொல்லியிருந்தா நீ உம்மாவ வேற மாதிரிப் பாத்திருப்பாய்," என்றாள். "அவ உன்ட அம்மாவோட சேந்து உன்ன அந்தக் கிழமை முழுக்கக் கழுவித் துடச்சவ. பயந்து பயந்துதான் செஞ்சா. எனக்குத் தெரியும். அத நீ தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

அவள் உடுப்பு மாற்ற உள்ளே போனாள். நான் குசினிக்குப் போனேன். ராத்தா நிலத்தில் இருந்து இரவுச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கண் எரியும், அங்கால போ என்றார்.

பலகையை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒரு வெங்காயத்தை எடுத்தேன். இருவருமாக உரித்து முடித்தோம்.